இணைய வகுப்பில் மாணவர்களுக்கு உண்மையிலேயே திருப்தியா?

கடைசி பெஞ்ச்:
2021 நவம்பரில் மதுரையில் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கியது நினைவிருக்கிறதா? பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் நேரிலா என்று கேட்டார்கள். இணைய வகுப்பு பிடித்திருந்ததற்கு வேறு என்ன சான்று வேண்டும்? எனக்குப் போகவர நான்கு மணி நேர பஸ் பயணம் மிச்சம். புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வகுப்பறையில் "சார், இன்னொரு தடவை" என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

சாக்பீஸ்:
தம்பி, அது தேர்வுக்கான போராட்டம். நேரில் எழுதும் அளவுக்குப் பாடம் மனத்தில் ஏறவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அறுபது பேருக்கு அறுபது கறுப்புக் கட்டங்கள். "கேட்கிறதா?" என்றால் மூன்று குரல். ஒரு வேடிக்கை சொல்லிவிட்டு, யாராவது சிரித்தார்களா என்று தெரியாமல் அடுத்த பக்கம் புரட்டிய கொடுமை எனக்குத்தான் தெரியும்.

நீலகிரிப் பெண்:
2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. எங்கள் ஊரில் டவர் கிடைக்க வேண்டுமே! தேயிலைத் தோட்ட மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டேன். வீட்டுக்கு ஒரே போன். தம்பிக்கும் அதில்தான் பள்ளி. திருப்தியா என்று கல்லூரி கேட்ட படிவமும் இணையத்தில்தான் வந்தது. டவர் உள்ளவர்கள் நிரப்பினார்கள்.

கடைசி பெஞ்ச்:
அது டவரின் குறை, முறையின் குறை அல்ல. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு இணையவழிதானே?

சாக்பீஸ்:
அதிலும் தேர்வை மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும்! திருப்தியை வைத்துக் கல்வியை அளப்பதே எனக்கு ஒப்பவில்லை. 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் ஓர் ஆய்வு வந்தது. சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாங்களே கணக்குப் போட்டுத் திணறியவர்களுக்கு அந்த நிறைவு இல்லை. சோதித்தால், திணறியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். இரண்டுமே நேர்வகுப்புகள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி பெஞ்ச்:
அப்படியானால் வகுப்பறையில் குறிப்பு சொல்லி எழுத வைப்பதும் அந்தக் கணக்கில் தோற்கிறதே, ஐயா?

சாக்பீஸ்:
தோற்கிறதுதான். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

நீலகிரிப் பெண்:
எனக்கு நேர்வகுப்புதான் வேண்டும். ஆனால் பதிவுசெய்த பாடங்களை அழித்துவிடாதீர்கள், சார். விடுதி வைஃபையில் அவற்றைப் பார்த்துத்தான் அரியர் தாள் இரண்டை முடித்தேன்.