மைஎஸ்க்யூஎல்: பெயரையும் ஊரையும் ஒட்டும்போது காற்புள்ளித் தொல்லை

வணக்கம். ரோஸ் ஹில்லில் எங்கள் கோயிலுக்குத் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் தைப்பூசக் காவடிப் பட்டியல் தயாரிக்கிறேன். பெயர், குடும்பப் பெயர், தெரு, ஊர் எல்லாம் ஒரே வரியில் வர வேண்டும். துண்டுகளை ஒட்டும் கான்கேட் (CONCAT) போட்டால், ஒன்று 'நல்' (NULL, அதாவது மதிப்பே இல்லாதது) ஆக இருந்தாலும் முழு வரியும் 'நல்' ஆகிவிடுகிறது. (இரட்டைச் செங்குத்துக் கோடு || போட்டால் அதை 'அல்லது' என்று எடுத்துக்கொண்டு பெயருக்குப் பதில் 0 காட்டுகிறது. அது தனிக் கூத்து!)

சரி என்று இடையில் காற்புள்ளி வைத்து ஒட்டும் கான்கேட் டபிள்யூஎஸ்ஸுக்கு (CONCAT_WS) மாறினேன். அது 'நல்' வந்தால் தாண்டிவிடுகிறது, எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தைத் தாண்டுவதில்லை. தெரு எழுதாதவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களுக்கு இரண்டு காற்புள்ளி அடுத்தடுத்து விழுகிறது. ஒவ்வொன்றையும், வெற்றுச் சரத்தை 'நல்' ஆக்கும் நல்இஃப்புக்குள் (NULLIF) போட்டால் சரியாகிறது, ஆனால் பார்க்கவே சகிக்கவில்லை. இதைவிடச் சுருக்கமான வழி உண்டா? இல்லை, அட்டவணையிலேயே வெற்றிடங்களை 'நல்' ஆக்கிவிடலாமா?