குரோமில் தேடினால் வேறெங்கோ போகிறது, எக்ஸ்டென்ஷனை நீக்கவும் முடியவில்லை

ஒற்றைத்தென்னை:
ஒரு வாரமாக மண்டை காய்கிறது. விண்டோஸ் 11 லேப்டாப், குரோம். மேலே எதைத் தேடினாலும் வாயில் நுழையாத ஒரு பெயர் ஒரு நொடி மின்னி மறைகிறது, அப்புறம் விளம்பரமாக நிரம்பிய ஏதோ ஒரு தேடல் பக்கம். நேற்று தென்காசி பஸ் நேரம் தேடினால் முதல் ஏழு முடிவும் லோன் விளம்பரம். செட்டிங்ஸில் கூகுளை மாற்றி வைக்கலாம் என்று போனால், ஒரு எக்ஸ்டென்ஷன் (குரோமோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி சாஃப்ட்வேர்) இதைக் கட்டுப்படுத்துகிறது என்கிறது. சரி, அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கலாம் என்றால் நீக்கும் பட்டனே இல்லை. மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வேறு வருகிறது. வீட்டில் நானும் மனைவியும் ஒரு பூனையும்தான், எந்த நிறுவனம்?

குரோமையே அழித்துவிட்டு மறுபடி போட்டேன், அதே கதை. ஆன்டிவைரஸ் எல்லாம் சுத்தம் என்கிறது. லீவுக்கு வந்த அக்கா பையன் பிடிஎஃப் இணைக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை எங்கிருந்தோ இறக்கிப் போட்டான், அதற்குப் பிறகுதான் இது. கடைக்காரர் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார். அடித்தே ஆக வேண்டுமா? இதே லேப்டாப்பில்தான் நெட்பேங்கிங்கும் பார்க்கிறேன்.

மூன்றாம்மாடி:
செட்டிங்ஸில் ரீசெட் பக்கத்திலேயே கம்ப்யூட்டரைச் சுத்தப்படுத்து என்று ஒன்று இருக்குமே, அதை ஓட்டுங்கள். எனக்கு அதில்தான் போனது.

பழையகீபோர்டு:
மூன்றாம்மாடி, அதை 2023 மார்ச்சிலேயே குரோம் 111ஓடு எடுத்துவிட்டார்கள்.

ஒற்றைத்தென்னை, அந்த 'நிறுவனம்' வரியில்தான் விஷயமே இருக்கிறது. ஆபீஸ், ஸ்கூல் கம்ப்யூட்டர்களில் எல்லோருக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாகப் போடுவதற்காக குரோமிலேயே பாலிசி என்று ஒரு வசதி உண்டு. பையன் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டியபோது கூடவே வந்த சரக்கு, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதே பாலிசியை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. குரோம் பாவம், முதலாளி சொன்னதாக நினைத்து பூட்டி வைத்திருக்கிறது. குரோமை அழித்தாலும் ரெஜிஸ்ட்ரி அப்படியே இருக்கும், அதனால்தான் திரும்பி வருகிறது. உங்கள் தேடலை அவர்கள் பக்கத்துக்குத் திருப்பினால் ஒவ்வொரு விளம்பரக் கிளிக்குக்கும் அவர்களுக்குக் காசு, அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

வரிசை மாறாமல் செய்யுங்கள், நான் ஒரு தடவை மாற்றிச் செய்து இரண்டு நாள் போனது. முதலில் குரோம் ஸிங்க்கை (உங்கள் செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன்களை கூகுள் கணக்கோடு ஒத்துவைக்கும் வசதி) நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் கூகுள் கணக்கிலிருந்தே பழைய குப்பை இறங்கலாம். அடுத்து, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, பவர்ஷெல்லை (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவி) ஓட்டுகிற மாதிரி சந்தேகமாக ஏதாவது டாஸ்க் இருக்கிறதா பாருங்கள். ரெஜிஸ்ட்ரியை நீங்கள் துடைக்கத் துடைக்க மறுபடி எழுதுவது பெரும்பாலும் அதுதான், முதலில் அதன் கழுத்தைப் பிடியுங்கள். பிறகு பையன் போட்ட சாஃப்ட்வேரையும், அதே தேதியில் ஏறிய மற்றதையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து திருத்தும் ரெஜெடிட். எச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம். கரன்ட் யூசர் பக்கத்திலும் அதே பாதை இருக்கும். உள்ளே ஃபோர்ஸ்லிஸ்ட் என்று முடிகிற ஒன்றில் 32 எழுத்தில் அர்த்தமில்லாத ஒரு சரம் இருந்தால் அதுதான் உங்கள் எக்ஸ்டென்ஷனின் அடையாளம். எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு அந்தக் குரோம் ஃபோல்டரை நீக்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், அங்கே உண்மையிலேயே முதலாளி இருப்பார்.

கடைசியாக, இந்த மாதிரி விளம்பரக் குப்பையைத் துடைக்கும் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனரை ஒரு முறை ஓட்டுங்கள், இலவசம்தான். ஆனால் அதை அந்த லேப்டாப்பில் தேடி இறக்காதீர்கள், திருடனிடமே போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்ட கதையாகிவிடும். போனில் சரியான முகவரியைப் பார்த்து லேப்டாப்பில் முகவரிப் பட்டையில் நேராக அடியுங்கள்.

வைகைக்கரை:
ஒன்று விட்டுப்போனது. அதே வைஃபையில் இருக்கிற போனிலும் இப்படித் திரும்புகிறதா? ஆம் என்றால் ரௌட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைக் காட்டும் வழிகாட்டி) மாறியிருக்கலாம், அது வேறு வைத்தியம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மால்வேர் இப்படித்தான் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களை வேறு வழியில் ஓட்டியது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆட்களைப் பிடித்தார்கள், அவர்களுடைய சர்வர்களுக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஓடிய சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தியபோது, அதுவரை சுத்தம் செய்யாதவர்களுக்கு நெட்டே நின்றுபோனது.

ஒற்றைத்தென்னை:
போனில் ஒன்றுமில்லை. டாஸ்க் ஷெட்யூலரில் சிக்கியது! அப்டேட் என்று தொடங்கும் பெயர், உருவான நேரம் பையன் வந்த சனிக்கிழமை மாலை 4:17, தினமும் லாகின் ஆனதும் பவர்ஷெல். பார்த்ததும் எரிச்சலைவிட சிரிப்புதான் வந்தது. சொன்ன வரிசையில் எல்லாம் செய்தேன். இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தும் நிறுவனம் வரி காணவில்லை, கூகுள் கூகுளாகவே இருக்கிறது. பேங்க் விஷயம்?

பழையகீபோர்டு:
அந்த மாதிரி எக்ஸ்டென்ஷனுக்குப் பெரும்பாலும் எல்லாத் தளங்களின் தகவலையும் படிக்க, மாற்ற அனுமதி இருக்கும். எடுத்தார்களா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, எடுத்ததாகவே நினைத்து நடங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்றுங்கள், மெயிலில் எல்லா டிவைஸ்களிலிருந்தும் வெளியேறிவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஒரு ஸ்விட்ச் உண்டு, அது ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இந்த ரகத்தை முழு வைரஸாகக் கணக்கெடுக்காமல் தனியாக வைத்திருப்பதால்தான் ஸ்கேனில் நிறைய தப்புகிறது.

வைகைக்கரை:
நானாக இருந்தால் படங்களை வெளியே எடுத்துவிட்டு ஃபார்மட்தான். பவர்ஷெல் வேறு என்னென்ன இறக்கியதோ, பேங்கிங் செய்கிற மெஷினில் எனக்குத் தூக்கம் வராது.

ஒற்றைத்தென்னை:
அதுவும் நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க் வாங்கிப் படங்களைக் காப்பி செய்துவிட்டு முடிவெடுக்கிறேன், அதுவரை பேங்க் எல்லாம் போனில். பையன் தீபாவளிக்கு மறுபடி வருகிறானாம். அவனுக்கு அட்மின் இல்லாத தனி அக்கவுண்ட் இப்போதே உருவாக்கிவிட்டேன், பாஸ்வேர்டு பூனை பெயர்.