பைசன் ரிப்போர்ட்டுக்கு ஆவணம் எழுதியவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

நான் வேலை பார்த்த இடத்தில் வட்டிக் கணக்கு விதிகளை எழுதுவதற்கென்றே ஒரு சின்ன மொழி இருந்தது. அதன் பார்சரை (எழுதியதை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் நிரல்) குனு பைசன் வைத்து உருவாக்கியிருந்தார்கள்; இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்சரை எழுதித் தரும் கருவி அது. புதிதாகச் சேருகிறவர்கள் இலக்கணத்தில் ஒரு விதியைச் சேர்ப்பார்கள், ஷிஃப்ட்/ரெட்யூஸ் மோதல் (அடுத்த குறியை உள்ளே எடுப்பதா, படித்ததை ஒரு விதிப்படி சுருக்குவதா என்று இரண்டு வழி இருக்கும் இடம்) என்று எச்சரிக்கை வரும், உடனே மூத்தவர் யாரிடமாவது போய் நிற்பார்கள். காரணம் முழுக்கப் பைசன் எழுதித் தரும் ரிப்போர்ட்டில் இருக்கும். ஆனால் அதைத் திறந்தால் எண்களும் புள்ளிகளுமாக இருப்பதைப் பார்த்து மூடிவிடுவார்கள். "இதை எப்படிப் படிக்கிறதுன்னு எழுதிக் கொடுங்க" என்று என்னிடம் வந்தது.

ஒரே ரிப்போர்ட்டைப் பைசன் பல வடிவங்களில் தரும். யாக் (பைசனுக்கு முந்தைய, அதே வகைக் கருவி) காலத்திலிருந்து வரும் டெக்ஸ்ட் கோப்பு ஒன்று. கிராஃப்விஸ் கொண்டு படமாக்குவதற்கான டாட் கோப்பு இன்னொன்று. அப்புறம் மற்ற நிரல்கள் படிக்க வசதியான எக்ஸ்எம்எல். அந்த எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல் பக்கமாக மாற்றத் தேவையான எக்ஸ்எஸ்எல்டி கோப்புகளும் பைசனோடு சேர்ந்தே வருகின்றன.

நான் வடிவத்துக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதினேன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு எடுத்துக்காட்டு. எழுதி முடித்த வாரமே ஒரு பையன் வந்து கேட்டான்: "அக்கா, படத்துல ஒரு சிவப்பு டைமண்ட் இருக்கே, டெக்ஸ்ட்ல அது எங்க இருக்கு?" என் ஆவணத்தில் அதற்குப் பதிலே இல்லை. மூன்று அத்தியாயத்தையும் கலைத்துவிட்டேன்.

இரண்டாவது முறை ஒரே ஒரு ஸ்டேட்டை (படித்துக்கொண்டு போகும்போது பார்சர் இருக்கும் ஒரு நிலை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்) மட்டும் எடுத்துக்கொண்டேன். பைசன் கையேட்டிலேயே ஒரு கால்குலேட்டர் இலக்கணம் உண்டு. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே முன்னுரிமை, பெருக்கலுக்கு அதைவிட அதிகம், வகுத்தலுக்கு மட்டும் எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் மொத்தம் 7 மோதல்கள் வரும். 8, 9, 10 ஆகிய ஸ்டேட்களில் ஒவ்வொன்று, 11-ஆம் ஸ்டேட்டில் நான்கு. இதில் 8-ஐ எடுத்தேன். பார்சர் 'கோவை + கோவை' (கோவை என்றால் ஓர் எண் அல்லது எண்களாலான கணக்கு) வரை படித்துவிட்டது, அடுத்து '/' வந்து நிற்கிறது. ஷிஃப்ட் செய்து 7-ஆம் ஸ்டேட்டுக்குப் போகலாம். முதல் விதிப்படி கூட்டலை ரெட்யூஸ் செய்தும் விடலாம். பைசன் ஷிஃப்டைத் தேர்ந்தெடுக்கும். கைவிட்ட ரெட்யூஸையும் மறைக்காமல் காட்டும்.

அந்தக் கைவிட்ட ரெட்யூஸ் டெக்ஸ்ட்டில் சதுர அடைப்புக்குள் இருக்கும். படத்தில் சிவப்பு டைமண்ட் (நடைமுறையில் இருக்கும் ரெட்யூஸ் எல்லாம் பச்சை). எக்ஸ்எம்எல்லில் அதே ரெட்யூஸ் வரியில் 'எனேபிள்டு' என்ற பண்பின் மதிப்பு 'ஃபால்ஸ்'. மூன்றையும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பையன் பார்த்துவிட்டு, "இதுவும் அதுவும் ஒண்ணுதானா!" என்றான். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் சொந்த மொழியின் இலக்கணத்திலிருந்தும் இரண்டு பகுதிகளை எண்ணோடு எடுத்துப் போட்டிருந்தேன். யாரோ நடுவில் ஒரு விதியைச் சேர்த்தார்கள், ஸ்டேட் எண்கள் மாறிவிட்டன. ஆவணத்தை நம்பிப் பார்த்தவர் வேறு ஏதோ ஸ்டேட்டில் போய் அரைநாள் தேடியிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது விளக்கத்துக்கான எடுத்துக்காட்டுகள் எல்லாம் மாறாத அந்தச் சின்ன இலக்கணத்திலிருந்துதான். சொந்த இலக்கணத்தின் பகுதிகளை ஒவ்வொரு பில்டிலும் எக்ஸ்எம்எல்லிலிருந்தே எடுத்து ஆவணத்தில் சேர்க்கிறோம், கையால் ஒட்டுவதில்லை.

உங்களுக்கு எப்படி நடந்தது, எழுதுங்கள்.

*

அக்கா, நான் திரை வாசிப்பான் வைத்து வேலை செய்கிறவன். படம் மட்டும் போட்டு "சிவப்பைப் பாருங்கள்" என்று எழுதிய ஆவணங்களோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். டெக்ஸ்ட் ரிப்போர்ட் எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் 'கோ டு ஸ்டேட் 7' என்று கேட்டதும் 7-ஐத் தேடிப் போய்விட்டுத் திரும்பி வருவதுதான் பாடு. எச்டிஎம்எல் வடிவத்தில் ஸ்டேட் எண்ணும் விதி எண்ணும் சுட்டிகளாக இருக்கின்றன. ஒரு என்டர் தட்டினால் போய்விடலாம், பின்செல் விசையில் திரும்பிவிடலாம். இப்படி ஒரு வடிவம் இருக்கிறது என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஏனென்றால் நான் படித்த எந்த உள் ஆவணமும் அதைச் சொல்லவில்லை. படத்தை வைப்பவர்கள் கோடுகளுக்கும் வார்த்தையில் விளக்கம் கொடுங்கள்: டோக்கனுக்கு (எண், '+' போல உள்ளீட்டில் நேரடியாக வருவது) முழுக்கோடு, விதிகளால் உருவாகும் 'கோவை' போன்ற இலக்கணக் குறியீட்டுக்கு விட்டுவிட்டு வரும் கோடு. அந்த ஒரு வரி இருந்தால் டாட் கோப்பை நேரடியாகவே படித்துவிடுவேன், அதுவும் டெக்ஸ்ட்தானே.

*

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பன்னிரண்டு ஸ்டேட் இருக்கிற இலக்கணத்துக்கு அது அருமை. எங்களுடையதில் சில நூறு ஸ்டேட். கிராஃப்விஸ் வரைந்து தந்ததைத் திரையில் திறந்தால் கறுப்பாக ஒரு வலைதான் தெரிந்தது, பெரிதாக்கினால் கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. மோதல் உள்ள ஸ்டேட்டையும் அதற்கு முன்பின் ஓர் அடியையும் மட்டும் எக்ஸ்எம்எல்லிலிருந்து பிரித்து டாட்டாக எழுத ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டேன். இப்போது மீட்டிங்கில் அதைத்தான் காட்டுகிறோம்.

புதியவர்களுக்கு நான் ரிப்போர்ட்டில் முதலில் காட்டுவது எதிர்-எடுத்துக்காட்டு, அதாவது மோதல் எந்த உள்ளீட்டில் வருகிறது என்று காட்டும் மாதிரி. 2020-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து பைசன் இதைத் தருகிறது. 'இஃப்' உள்ளே இன்னொரு 'இஃப்', அடுத்து 'எல்ஸ்' வரப்போகிற இடத்தில் ஒரு புள்ளி. அந்த 'எல்ஸ்' எந்த 'இஃப்'பைச் சேர்ந்தது என்று இரண்டு விதமாகப் பிரித்து அடியிலேயே காட்டிவிடும். அதைப் பார்த்தபின் ஸ்டேட் விவரத்துக்குப் போனால் சதுர அடைப்பு ஏன் வந்தது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அக்கா சொன்ன மூன்று வடிவப் பக்கத்தில் இதை மேலே வைத்தால் நன்றாக இருக்கும்.

*

மேலே வைத்துவிட்டேன். கோடுகளுக்கான விளக்கத்தையும் படத்துக்கு முன்னாலேயே சேர்த்திருக்கிறேன். தம்பி, நீங்கள் ஒருமுறை உங்கள் வாசிப்பானில் கேட்டுப் பார்த்து எங்கே தடங்குகிறது என்று சொல்லுங்கள்.