உதவி: தொட்டி பெரிதானாலும் அடியில் அழுத்தம் சமமா? (படிவம் 5 இயற்பியல்)

ஆயர் ஈத்தாம் மாணவி:
வணக்கம். இந்த வருடம் எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு) எழுதுகிறேன். திரவ அழுத்தம் = ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் என்பது மனப்பாடம். ஆனால் பயிற்சியில் ஒரு கேள்வி. அகலமான தொட்டி ஒன்று, ஒல்லியான குழாய் ஒன்று, இரண்டிலும் தண்ணீர் 2 மீட்டர் உயரம். அடியில் அழுத்தம் எதில் அதிகம்? விடை ‘சமம்’ என்று இருக்கிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர்! அந்தக் கனமெல்லாம் எங்கே போகிறது?

குளுகோர்வாசி:
கனம் அதிகமென்றால் அழுத்தமும் அதிகம்தானே. அச்சுப் பிழையாக இருக்கும்.

டியூஷன் அக்கா:
பிழை இல்லை தம்பி. தங்கச்சி, கனம் எங்கும் போகவில்லை, அகலமான அடியில் பரவிக் கிடக்கிறது. தொட்டியின் அடி 1 சதுர மீட்டர் என்றால் தண்ணீர் 2,000 கிலோ, அடியில் விசை 19,620 நியூட்டன். குழாயின் அடி 0.01 சதுர மீட்டர் என்றால் 20 கிலோ, விசை 196.2 நியூட்டன். விசையைப் பரப்பால் வகுத்துப் பார். இரண்டிலும் 19,620 பாஸ்கல்தான்.

ஆயர் ஈத்தாம் மாணவி:
சுவர் நேராக இருந்தால் சரி அக்கா. புனல் மாதிரி மேலே விரிந்த பாத்திரம் என்றால்? அடி சின்னது, தண்ணீர் நிறைய.

டியூஷன் அக்கா:
நல்ல கேள்வி, பலர் இதைக் கேட்பதே இல்லை. தண்ணீர் சுவரைச் செங்குத்தாக அழுத்தும், சுவரும் திருப்பி அழுத்தும். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் அந்த எதிர்விசையில் ஒரு பங்கு மேல்நோக்கி இருக்கும். ஓரத்துத் தண்ணீரைத் தாங்குவது அதுதான். அடிக்கு நேர்மேலே உள்ள தண்ணீரின் கனம் மட்டுமே அடியில் இறங்குகிறது. மேலே குறுகும் பாத்திரத்தில் நிலைமை தலைகீழ். சுவர் தண்ணீரைக் கீழே தள்ளும். அதனால் அடியில் உள்ள விசை, தண்ணீரின் மொத்தக் கனத்தையே மிஞ்சிவிடும்!

பழைய பிளம்பர்:
பெரிய தொட்டி வைத்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும் என்று இன்றைக்கும் சிலர் செலவு செய்கிறார்கள். வராது. தொட்டியை உயரத்தில் ஏற்ற வேண்டும். 5 மாடி பிளாட்டில் மேல்மாடிக் குழாய் தொட்டியின் நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் கீழே, தரைத்தளக் குழாய் 14 மீட்டர் கீழே என்று வையுங்கள். குழாயை மூடி வைத்திருக்கும்போது மேலே 19,620 பாஸ்கல், கீழே 137,340. ஏழு மடங்கு.

ஆயர் ஈத்தாம் மாணவி:
அப்போ சில கணக்கில் வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டுகிறார்களே, அங்கிள்?

பழைய பிளம்பர்:
அதை அக்காவிடம் கேளம்மா, எனக்குக் குழாய்தான் தெரியும்.

டியூஷன் அக்கா:
நீரின் மேற்பரப்பைக் காற்றும் அழுத்துகிறது, கடல்மட்டத்தில் ஏறக்குறைய 101,000 பாஸ்கல். பாதரசத் தம்பத்தின் உயரமாகச் சொன்னால் 76 சென்டிமீட்டர். நம் பினாங்கின் கொடிமலை உச்சிக்குப் போனால் 69 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். குழாய்க் கணக்கில் தொட்டியின் மேலும் காற்று, குழாய் வாயிலும் காற்று, அதனால் அதை விட்டுவிடலாம். ‘மொத்த அழுத்தம்’ என்று கேட்டால் கூட்டு. ‘நீரினால் ஏற்படும் அழுத்தம்’ என்றால் கூட்டாதே.

ஆயர் ஈத்தாம் மாணவி:
அப்படியானால் என் தொட்டியின் அடியில் மொத்தம் 120,620. சரியா?

டியூஷன் அக்கா:
சரி. ஆனால் அலகு எங்கே? பாஸ்கல் என்று எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.