ஷாட் கிளாக்கில் 20-க்குப் பதில் 30 அழுத்திவிட்டேன்

மேசையோரம்:
2019 நவம்பர். எம்.எஸ். படித்த அமெரிக்கக் கல்லூரியில் ஆண்கள் கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஷாட் கிளாக் பார்ப்பது எனக்குப் பகுதிநேர வேலை. பந்து வைத்திருக்கும் அணி எத்தனை விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்று காட்டும் கடிகாரம் அது. அந்த சீசனில்தான் புது விதி: பந்து ரிங்கில் பட்டு, எறிந்த அணிக்கே ரீபவுண்ட், அதாவது எகிறி வரும் பந்து, போனால் கிளாக்கில் 30 விநாடி கிடையாது, 20தான். கடைசி 38 விநாடி, எங்கள் அணி ஒரு பாயின்ட் முன்னால். ஷாட் ரிங்கில் பட்டு எகிறியது. நாலைந்து கை தட்டித் தட்டி, எங்கள் பையன் கையிலேயே விழுந்தது. என் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் 30-ஐ அழுத்திவிட்டது. நடுவர்கள் கவனிக்கவில்லை. 18 விநாடியாவது மிச்சமிருக்க வேண்டிய எதிரணிக்கு எட்டுதான் கிடைத்தது. அள்ளித் தெளித்த அவசரத்தில் எறிந்தார்கள், போர்டு ஓரத்தில் பட்டுப் போச்சு. அவர்களுடைய கார்டு (பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்துகிறவன்) பையன் அப்படியே தரையில் உட்கார்ந்து கிளாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோட்டுக்குவெளியே:
அந்தப் பையன் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். 2021-22ல் எங்களுக்கு, அதாவது பெண்களுக்கு, த்ரீ பாயின்ட் கோடு (இதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று பாயின்ட், உள்ளே என்றால் ரெண்டு) 20 அடி 9 அங்குலத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குப் போனது. பழைய கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டார்கள், ஆனாலும் மரப்பலகையில் அதன் தடம் வெளிறித் தெரியும். என் கால் தன்னால் அங்கேதான் போய் நின்றது. ஒருநாள் கார்னரிலிருந்து போட்டேன், வலை சத்தம்கூட வராமல் இறங்கியது. திரும்பிப் பார்க்கிறேன், நடுவர் கை மேலே போகவே இல்லை. ரெண்டு பாயின்ட்தான். தோற்றது ஒரு பாயின்டில்.

பழையகோச்:
தம்பி, அதை விடுங்க. ஆட்டத்தை மாத்தினது 2023-24 சார்ஜ் விதிதான். சார்ஜ்னா, தடுத்து நிக்கிற டிஃபெண்டர் மேல பந்தோட வந்து மோதினவன் மேல ஃபவுல். எதிராளி எம்புறதுக்குக் கடைசிக் காலை ஊன்றும்போதே டிஃபெண்டர் இடத்தைப் பிடிச்சிருக்கணும், இல்லேன்னா பிளாக், அதாவது டிஃபெண்டர் மேலேயே ஃபவுல். அந்த நவம்பரில் தடுக்க நின்ன ஒரு பையன் நெஞ்சைக் காட்டி விழுந்தான், ஷூ கிறீச்சிட்டது மேல்வரிசை வரைக்கும் கேட்டது. முந்தின வருஷம்னா சார்ஜ். விழுந்தவன் மேலேயே ஃபவுல்.

பிள்ளைங்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறவங்க இதைக் கேளுங்க. விழக் கத்துக்கொடுக்காதீங்க. ரெண்டு கையையும் நேர் மேலே தூக்கி, நின்ன இடத்திலேயே எம்பச் சொல்லுங்க. இடுப்பு திரும்பக் கூடாது, கை முன்னால சாயக் கூடாது. தினமும் பயிற்சி முடிஞ்சு, மூச்சு வாங்கும்போதே இருபது தடவை செய்யச் சொல்லுங்க. களைச்ச உடம்புதான் கையைக் கீழே விடும். அப்புறம் 30 விநாடி ரொம்ப அவசரம். 2015 வரைக்கும் 35 இருந்தது, பசங்க நிதானமா பிளே போட்டாங்க.

கோட்டுக்குவெளியே:
ஐயா, பெண்கள் 1970-71லிருந்தே 30 விநாடியில்தான் ஆடுகிறோம். ஆண்களுக்குக் கிளாக் வந்ததே 1985-86ல், அதுவும் 45. கிளாக் இல்லாத நிதானம் எப்படி இருந்தது என்று 1982 ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) ஆண்கள் ஃபைனல் ஸ்கோரைப் பாருங்கள்: நார்த் கரோலினா 47, வர்ஜீனியா 45. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிஷக்கணக்கில் ஓட்டினார்கள்.

மேசையோரம், ஒன்று கேட்கணும். அந்த ரெண்டு பட்டனும் பக்கத்துப் பக்கத்திலா இருக்கும்?

மேசையோரம்:
ஆமாம். நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து 20 மேல் மட்டும் சின்னதாக டேப் ஒட்டிக்கொண்டேன், தடவினாலே தெரியும்படி.