சூரியன் உதிக்காத மாதங்களில் ஓசோனை எப்படி அளக்கிறார்கள்?

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். ஓசோன் படையைச் செய்மதிகள் நாள்தோறும் அளக்கும்போது, அந்தாட்டிக்காவில் ஆய்வாளர்கள் ஆண்டு முழுவதும் தங்கியிருப்பது எதற்காக? அங்கு மாதக்கணக்கில் சூரியனே தெரியாதென்றால், சூரிய ஒளியை நம்பியிருக்கும் கருவிகளால் என்ன பயன்?

ஓய்வுபெற்ற வானிலை அவதானி, கொழும்பு:
மகள், முதற்கேள்விக்கு விடை அந்தாட்டிக்காவிலுள்ள ஹலி ஆய்வு நிலையத்தின் பதிவேட்டில் இருக்கிறது. பிரித்தானியர் அங்கு 1950களின் பிற்பகுதியிலிருந்து டொப்சன் நிறமாலைமானியால், அதாவது சூரிய ஒளியின் புறவூதாக் கதிர்களை ஓசோன் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் கருவியால், ஓசோனை அளந்து வந்தார்கள். ஜோ பார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் அந்த நீண்ட தொடரைப் பார்த்துத்தான், ஒக்டோபர் மாத ஓசோன் ஏறத்தாழ 300 டொப்சன் அலகிலிருந்து 200க்கு இறங்கிவிட்டதை 1985 மே மாதம் உலகுக்கு அறிவித்தார்கள். (தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அமுக்கத்துக்குக் கொண்டுவந்தால், 300 அலகு என்பது வெறும் 3 மில்லிமீற்றர் தடிப்புத்தான்.) நிம்பஸ் 7 செய்மதி 1978 முதலே மேலே சுற்றிக்கொண்டிருந்தது, ஆனாலும் அந்தச் சரிவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது தரையில் விடாமல் எழுதப்பட்ட பதிவுதான். நானும் அதிகாலை 5.30 மணி அவதானத்துக்காகப் பருவமழையில் நனைந்தபடி பலூன் விட்டவன். ஒரு நாள் தவறினால், ஏட்டில் அந்தக் கட்டம் என்றைக்கும் வெறுமையாகவே கிடக்கும்.

இரசாயன ஆசிரியர்:
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். நிறைமதியை ஒட்டிய நாள்களில் டொப்சன் கருவி நிலவொளியிலும் அளக்கும். முழு இருளில் கைகொடுப்பது பலூனில் ஏறும் ஓசோன் மானி. அதிலுள்ள சிறிய பம்பி வளியை இழுத்துப் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலுக்குள் குமிழியிடச் செய்கிறது. நீங்கள் ஆய்வுகூடத்தில் மாப்பொருளிட்டு நீலமாக்கும் அதே அயடீன் உண்டாக, ஓர் ஓசோன் மூலக்கூறுக்கு இரண்டு இலத்திரன்கள் வீதம் சுற்றில் பாய்கின்றன. அந்த மின்னோட்டத்தின் அளவு வானொலி அலையில் கீழே வந்து சேரும். கரைசல் உறையாதிருக்கக் கருவியை ரிஜிபோம் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்புவார்கள்.

குளிர்காலத்தை விட்டுவிட முடியாது. ஓசோன் படை இருக்கும் படைமண்டலம் −78 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரும்போது உருவாகும் முகில்களின் மேற்பரப்பில், அடங்கிக் கிடந்த குளோரீன் சேர்வைகள் தாக்குதிறன் மிக்க வடிவத்துக்கு மாறுகின்றன. செப்டெம்பரில் வெயில் திரும்பியதும் 14 முதல் 20 கிலோமீற்றர் வரையான உயரத்தில் ஓசோன் சில வாரங்களில் ஏறத்தாழ முற்றாக அழிந்துவிடுகிறது. அழிவு எந்த உயரத்தில் தொடங்கி எப்படிப் பரவுகிறது என்பதைப் பலூன் படிப்படியாகக் காட்டும்.

வெள்ளவத்தை மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஹலியில் இப்போதும் ஆட்கள் தங்குகிறார்களா?

ஓய்வுபெற்ற வானிலை அவதானி, கொழும்பு:
கோடையில் மட்டும். நிலையம் நிற்கும் பிரண்ட் பனித்தட்டில் விரிசல்கள் கண்டதால், 2017 முதல் குளிர்காலத்தில் எவரும் தங்குவதில்லை. தானியங்கிக் கருவிகள் அளவீட்டைத் தொடர்கின்றன. இந்தியாவின் மைத்ரி நிலையத்தில் ஆட்கள் இன்னும் குளிர்காலம் முழுவதும் தங்கி அவதானிக்கிறார்கள்.