கலைச்சொல் உதவி: ‘பிளகின்’ செருகியா, செருகலா?

சுங்கை சிப்புட் ஆசிரியை:
வணக்கம். நாளைக் காலை ஆறாம் ஆண்டுப் பயிற்றி அச்சாக வேண்டும். பழைய கணித விளையாட்டைத் திறந்தால், தவளை குதித்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம். அதை ஓட்டிய ‘ஃபிளாஷ்’ என்ற மென்பொருளை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் கைகழுவிவிட்டது. “டீச்சர், தவளை எங்கே?” என்று கேட்கிற பிள்ளைகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ‘பிளகின்’ மறிக்கிறது; உலாவிக்குள் (பிரௌசர்) செருகி வைக்கும் ஃபிளாஷ் போன்ற துணை நிரலைத்தான் சொல்கிறேன். செருகியா, நீட்சியா?

தெலுக் இந்தான் ஐயா:
நீட்சி எக்ஸ்டென்ஷனுக்குப் போய்விட்டது, விடுங்கள். செருகியும் பிழை. உலாவுவது உலாவி; அப்படியானால் செருகுவதுதானே செருகி? இது செருகப்படுவது. ஆகவே ‘செருகல்’.

ஈப்போ நிரலர்:
ஐயா, ஊருணி உண்கிறதா, உண்ணப்படுகிறதா? இ விகுதி செயப்படுபொருளுக்கும் வரும் என்று நீங்கள்தானே போன மாதம் எழுதினீர்கள்? மேலும் செருகல் என்றால் எனக்கு இடைச்செருகல்தான் ஞாபகம் வருகிறது.

தெலுக் இந்தான் ஐயா:
ஊருணி குறளிலேயே இருக்கிறது. நேற்றுப் பிறந்த சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது, தம்பி.

பாகான் செராய் அண்ணன்:
‘ஒட்டு’ என்று வைத்தால் என்ன? அப்பா ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவார். தண்டில் பட்டையைச் சின்ன ஜன்னல் போலத் திறந்து, வேறு மரத்து மொட்டை உள்ளே வைத்து, இறுக்கிச் சுற்றுவார். மூன்று வாரம் கழித்து அவிழ்த்து, நகத்தால் கீறிப் பார்ப்பார். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. ஒரு கம்பெனியின் உலாவிக்குள் இன்னொரு கம்பெனியின் துண்டு உட்கார்ந்ததும் இப்படித்தானே?

ஈப்போ நிரலர்:
அழகு, அண்ணே. ஆனால் ஒட்டுப் பிடித்ததும் தாய்க்கன்றின் தலையைத்தானே வெட்டுவார்கள்? இங்கே வெட்டுப்பட்டது ஒட்டு. 2010-லேயே ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்று எழுதிவிட்டார். 2014-இல் இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் புதிய பதிப்பான எச்டிஎம்எல்5 முறைப்படி பொதுத் தரமானது. படம் வரைவதையும் வீடியோ ஓட்டுவதையும் உலாவியே செய்ய, 2015-இல் குரோம் பழைய செருகுவழியை அடைத்தது. பூட்டிய பெட்டி போல் இருந்த ஃபிளாஷில் ஓட்டை தெரிந்தால் அடோபிதான் அடைக்க வேண்டும்; நாம் வாய் பார்க்கலாம்.

பாகான் செராய் அண்ணன்:
அப்போ புல்லுருவி!

சுங்கை சிப்புட் ஆசிரியை:
ஐயோ, வகுப்பே சிரிக்கும். சரி, எச்டிஎம்எல்5 போன்ற ‘ஓப்பன் ஸ்டாண்டர்டு’க்குத் ‘திறந்த தரம்’ ஓடுமா? பாட ஆவணத்தில் ஏற்கெனவே ‘கற்றல் தரம்’ இருப்பதால் குழப்பம் வரலாம்.

தெலுக் இந்தான் ஐயா:
‘பொது நெறி’ என்று போடுங்கள்.

ஈப்போ நிரலர்:
நன்னெறிப் பாடம் என்று நினைத்துவிடுவார்கள், ஐயா. திறந்த தரமே இருக்கட்டும்.

சுங்கை சிப்புட் ஆசிரியை:
மணி பதினொன்றரை. ‘செருகி’ என்று போட்டு, பக்கத்திலேயே பிளகின் என்றும் எழுதிவிட்டேன். ஃபோட்டோஸ்டேட் கடை ஏழரைக்குத் திறக்கும். எல்லாருக்கும் நன்றி.

பாகான் செராய் அண்ணன்:
என் ஓட்டு ஒட்டுக்கே.

தெலுக் இந்தான் ஐயா:
அச்சானால் சரியாகிவிடுமா, அம்மா? ஊருணி பற்றி நாளை தனியாக எழுதுகிறேன்.